மகள் கலைத்துப் போட்ட சீட்டுகள்

எங்கள் கம்பெனி பஸ் ஒடுகத்தூரில் புறப்பட்டு, ஊர் ஊராகப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஆம்பூர் வரும். நான் மாதனூரில் ஏறுவேன். அதற்குள் பாதி சீட் நிரம்பியிருக்கும். மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எனக்கு இடம் போட்டு வைத்திருப்பாள். ஷூவின் மேல்பாகம் தைக்கிற பிரிவில் மெஷினில் உட்காருகிறவள். என் மகளைவிட நான்கைந்து வயது சின்னவள். அவள் தைத்து அனுப்புவதை நான் செக்கிங் டேபிளில் வாங்கிப் பார்ப்பேன். பதினேழு வருடமாக அதுதான் என் வேலை. ஒரு தையலை விரலால் தடவினால் அது யார் தைத்தது என்று சொல்லிவிடுவேன்.

அந்தப் பெண்ணுக்குக் காலையில் டாரட் வீடியோ பார்க்காவிட்டால் பொழுது விடியாது. டாரட் என்பது படம் போட்ட சீட்டுக்கட்டு. வீடியோவில் பேசுகிறவர் சீட்டுகளை மூன்று குவியலாக வைப்பார். நாம் ஒன்றை மனதில் நினைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் குவியலைத் திறந்து அவர் சொல்வது நமக்கானது.

"இன்னாக்கா நீ, ஒரு வாட்டி எடுத்துப் பாரேன். காசா பணமா?" என்பாள்.

நான் சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். நாங்கள் கிறிஸ்தவர்கள். வருடப் பிறப்பன்று ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் தட்டில் வசன அட்டைகளை நீட்டுவார்கள். கண்ணை மூடி ஒன்றை எடுப்போம். அந்த வருடத்துக்கான வாக்கு என்று அதை பீரோ கதவில் ஒட்டிவைப்போம். வேறு எந்தச் சீட்டையும் நான் தொட்டதில்லை. குறி கேட்பது பாவம் என்று கேட்டு வளர்ந்தவள், அதையே சொல்லி மகளை வளர்த்தவள்.

ஒருநாள் அவளுடைய இயர்போன் வேலை செய்யவில்லை. சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, போனை எனக்கும் தெரியும்படி பிடித்தாள். திரையில் ஒரு பச்சைத் துணி, அதன்மேல் இரண்டு கைகள். முகம் காட்டவில்லை. மூன்று குவியலின் மேலும் அடையாளத்துக்கு ஒவ்வொரு பொருள்: சோழி, பித்தளை பட்டன், புளியங்கொட்டை.

"வணக்கம் ஃப்ரெண்ட்ஸ். மூச்ச நல்லா இழுத்து விடுங்க. அவசரமே இல்ல. எது உங்களக் கூப்பிடுதோ அத எடுத்துக்கோங்க."

குரலைக் கேட்பதற்கு முன்பே கைகளைப் பார்த்துவிட்டேன். இடது கைச் சுண்டுவிரல் நுனி உள்பக்கமாக வளைந்திருந்தது. ஆறு வயதில் சைக்கிள் செயினில் மாட்டிக்கொண்ட விரல். அந்த விரலுக்குக் கட்டுப்போடும்போது அவளை மடியில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது நான்.

"எத எடுத்தக்கா?" என்று பக்கத்துப் பெண் கேட்டாள்.

"புளியங்கொட்டை" என்றேன். எப்படிச் சொன்னேன் என்று இன்றும் தெரியவில்லை. என் மகளின் குரலைக் கேட்டு அன்றைக்கு மூன்று வருடமும் சில மாதங்களும் ஆகியிருந்தன.

அவள் ஏன் என்னோடு பேசவில்லை என்பதைச் சொல்ல வேண்டும்.

ஆற்காட்டுப் பக்கம் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளை படித்தவர், ஆபீஸ் வேலை, குடி இல்லை என்றார்கள். கல்யாணமான மூன்றாம் மாதம் அவள் ஒரு பையோடு வந்தாள். "பேசறதே இல்லம்மா. பேசினா திட்டுதான்" என்றாள். எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்றேன். சபை ஆயர் எங்கள் வீட்டுக்கு வந்து ஜெபம் பண்ணினார், என் கணவர் மாப்பிள்ளையோடு போனில் பேசினார். நான்காம் நாள் அனுப்பிவைத்தோம்.

இரண்டாவது முறை வந்தபோது கல்யாணமாகி ஒரு வருடம் முடியவில்லை. ஒரு வியாழக்கிழமை, நான் வேலைக்குப் புடவை கட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் நின்றவள் துப்பட்டாவை விலக்கித் தோளைக் காட்டினாள். கன்றிப்போய் நீலமாக இருந்தது. நான் அதில் தேங்காய் எண்ணெய் தடவினேன். இரண்டு முட்டை பொரித்துச் சோறு போட்டேன். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, "எனக்கும் மொதல்ல அப்படித்தான் இருந்துச்சு. நான் எங்க போனேன்?" என்றேன்.

அது உண்மை. எனக்கும் கல்யாணமான புதிதில் அடி விழுந்தது. நான் எங்கும் போகவில்லை. போகாமல் இருந்ததை ஒரு சாமர்த்தியம் போலவே மனதில் வைத்திருந்தேன். அவளும் அப்படி இருந்துவிட்டால் என் வாழ்க்கை சரிதான் என்று ஆகிவிடும் என நினைத்தேனோ என்னவோ. அன்றைக்கு இதையெல்லாம் யோசிக்கவில்லை. ஊர் என்ன பேசும், கோயிலில் எந்த முகத்தோடு உட்காருவது, இதுதான் ஓடியது.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு நானே அவளை வேலூருக்குக் கூட்டிக்கொண்டு போய் ஆற்காடு பஸ்ஸில் உட்காரவைத்தேன். கொய்யாப்பழமும் முறுக்கும் வாங்கி ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு குனிந்து சொன்னாள்.

"அம்மா, எறங்குடின்னு ஒரு வாட்டி சொல்லுமா. எறங்கிடறேன்."

"போய் சேர்ந்ததும் போன் பண்ணு" என்றேன்.

பஸ் போய்விட்டது. அவள் போன் பண்ணவில்லை.

இரண்டு மாதம் கழித்து அவளுக்குக் கர்ப்பம் கலைந்தது. கர்ப்பம் என்பதே எனக்குத் தெரியாது. மாப்பிள்ளையின் அக்கா போனில் சொல்லித்தான் தெரிந்தது. நான் ஓடிப்போய்ப் பார்ப்பதற்குள் அவள் ஆஸ்பத்திரியிலிருந்து தன்னோடு காலேஜில் படித்த ஒரு தோழியோடு புறப்பட்டுப் போயிருந்தாள். கோயம்புத்தூர் என்றார்கள். நம்பரை மாற்றிவிட்டாள். அந்தத் தோழி ஒரே ஒரு முறை என்னிடம் பேசினாள்: "நல்லா இருக்காம்மா. தேடாதீங்கன்னு சொல்லச் சொன்னா."

மூன்று வருடம் நான் தேடவில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்து அவளே பேசினாள்.

அன்று அவள் புளியங்கொட்டைக் குவியலுக்கு என்ன சொன்னாள் என்பது ஒரு வார்த்தையும் மனதில் ஏறவில்லை. பக்கத்துப் பெண்ணிடம் சேனலின் பெயரை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். அதன் பிறகு என் போனிலேயே பார்க்கத் தொடங்கினேன். வாரத்துக்கு இரண்டு வீடியோ. வேலைக்கான சீட்டு, பிரிந்தவர்களுக்கான சீட்டு, இந்த மாதம் உங்களுக்கு எப்படி. பழைய வீடியோக்களும் நூற்றுக்கு மேல் இருந்தன. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனுக்குப் போகாமல், லெதர் ஸ்டோருக்குப் பின்னால் நிழலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

நன்றாகப் பேசினாள். நான் அறியாத பேச்சு அது. பயமுறுத்த மாட்டாள். எலும்புக்கூடு படம் வந்தால், "பதறாதீங்க, ஒண்ணு முடியுது, அவ்ளோதான். முடியட்டும்" என்பாள். எதிர்காலத்தைச் சொல்லவே மாட்டாள். "சீட்டுக்கு ஒண்ணும் தெரியாது ஃப்ரெண்ட்ஸ். படத்தப் பாத்ததும் உங்களுக்கு மனசுல இன்னா தோணுச்சோ அதுதான் பதில்" என்பாள். அந்த 'இன்னா' தவறி வந்துவிடும். கோயம்புத்தூரில் இருந்தாலும் நாக்கு இங்கேயே இருந்தது. அதைக் கேட்கும்போதெல்லாம் போனை நிறுத்திவிட்டு மறுபடியும் அந்த இடத்தையே போட்டுக் கேட்பேன்.

ஒவ்வொரு வீடியோவின் கடைசியிலும் வேறொரு கட்டிலிருந்து ஒரு சீட்டை எடுப்பாள். ஆரக்கிள் சீட்டு என்று அதற்குப் பெயர். அதில் படத்தோடு ஒரு வாசகமும் இருக்கும். அதைப் படித்துவிட்டு முடித்துக்கொள்வாள். ஒருமுறை அதில் 'வீட்டுக்குத் திரும்பு' என்ற அர்த்தத்தில் ஏதோ வந்தது. ஒரு நொடி கை அப்படியே நின்றது. பிறகு லேசாகச் சிரித்து, "இது உங்கள்ல யாருக்கோ வந்திருக்கு. எனக்கில்ல" என்று சீட்டைக் கவிழ்த்து வைத்தாள். ஆயிரக்கணக்கானவர்கள் அதைப் பார்த்திருப்பார்கள். அந்த ஒரு நொடி என்ன என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

கருத்துகளில் பெண்கள் எழுதுவார்கள். என் மனசுல இருக்கறத அப்படியே சொல்றீங்க, நீங்க எனக்கு அம்மா மாதிரி. இருபத்தெட்டு வயதுப் பெண்ணை அம்மா என்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வரி பதில் போடுவாள். நான் எதுவும் எழுதியதில்லை.

ஐந்து மாதம் அப்படிப் போனது. பிறகு ஆசை அதிகமானது. தனிப்பட்ட முறையில் ஒரு வாட்ஸ்அப் நம்பருக்குக் கேள்வி அனுப்பினால் அவள் சீட்டு எடுத்துக் குரலில் பதில் அனுப்புவாள் என்று வீடியோவின் கீழே போட்டிருந்தது. என் நம்பரிலிருந்து அனுப்பினால் கண்டுபிடித்துவிடுவாள். பஸ்ஸில் பக்கத்துப் பெண்ணிடம், "எனக்கு ஒண்ணு கேக்கணும், உன் போன்லேந்து அனுப்புறியா?" என்றேன். அவளுக்குச் சந்தோஷம். கடைசியில் இந்த அக்காவும் வழிக்கு வந்துவிட்டாள் என்று நினைத்தாள். என் பெயருக்குப் பதில் பக்கத்து வீட்டுக்காரியின் பெயரைக் கொடுத்தேன். நான் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள்.

"என் மகள் என்னோடு பேசி நாலு வருடம் ஆகப்போகிறது. அவள் மனதில் நான் இருக்கிறேனா. நான் என்ன செய்ய வேண்டும். வேளாவேளைக்குச் சாப்பிடவும்."

"இன்னாக்கா இது, சீட்டு பாக்குறவங்கள சாப்பிடச் சொல்ற?" என்று அவள் சிரித்தாள். அப்போதுதான் எனக்கே உறைத்தது. அதற்குள் அனுப்பிவிட்டிருந்தாள். எடுத்துவிடச் சொல்லலாமா என்று யோசித்தேன், சொல்லவில்லை.

பதில் ஆறாம் நாள் சாயங்காலம் வந்தது. ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தோம். அவள் போனையும் இயர்போனையும் என் கையில் கொடுத்துவிட்டு, நல்ல பெண், முன்சீட்டுக்கு எழுந்து போய்விட்டாள். பஸ்ஸுக்குள் ஒரே இரைச்சல். யாரோ பிறந்தநாளுக்கு கேக் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வணக்கம்மா. உங்க கேள்வியப் படிச்சேன்" என்று ஆரம்பித்தாள். சீட்டுக் கலைக்கிற சத்தம் கேட்டது. "மூணு சீட்டு எடுத்திருக்கேன். மொத சீட்டு, அஞ்சு கோப்பை. கறுப்புப் போர்வை போத்திட்டு ஒருத்தர் நிக்கறார். முன்னாடி மூணு கோப்பை கொட்டிக் கெடக்கு. பின்னாடி ரெண்டு நல்லா நிமிந்து நிக்குது. அத அவர் பாக்கல. இந்த சீட்டு வந்தா, கொட்டினத விடுங்க, இருக்கறதப் பாருங்கன்னு எல்லாருக்கும் சொல்வேன். உங்களுக்கு அத சொல்ல எனக்கு மனசு வரல. கொட்டினதப் பாருங்க. யார் கை பட்டுக் கொட்டுச்சுன்னு பாருங்க."

அதோடு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். மீண்டும் குரல் வந்தபோது அது வீடியோக் குரல் இல்லை. எங்கள் வீட்டுக் குரல்.

"சாப்பிடவும்னு எழுதியிருக்க. என் ஹாஸ்டல் நாள்லேந்து ஒவ்வொரு மெசேஜுக்கும் அடியில நீ போடற வரி. வேற யாரும் எனக்கு அப்படி எழுத மாட்டாங்க."

பஸ் நகரத் தொடங்கியது. நான் இயர்போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"எனக்குக் கோவமெல்லாம் இல்லமா. கோவம்னா வந்து சண்ட போட்டிருப்பேன். அன்னிக்கு அந்த பஸ்ஸு உடனே எடுக்கல தெரியுமா? கண்டக்டர் டீ குடிச்சினு இருந்தாரு. ஏழெட்டு நிமிஷம் நின்னுச்சு. நீ கீழயே நின்னுனு இருந்த. ஒவ்வொரு நிமிஷமும் இப்ப சொல்லுவா, இப்ப சொல்லுவான்னு உன் வாயவே பாத்தேன். அப்ப என் வயித்துல குழந்த இருந்துச்சு. எனக்கே அது ஊருக்குப் போன பின்னாடிதான் தெரிஞ்சுது."

மூக்கை உறிஞ்சினாள்.

"இன்னா செய்யணும்னு கேட்டிருக்க. ஒண்ணும் செய்யாத. என்னத் தேடி வராத. எனக்கு உன்னப் பாத்தா அந்த ஜன்னல்தான் ஞாபகம் வருது, நான் இன்னா பண்ணட்டும். வீடியோ பாக்கணும்னா பாரு. நான் நல்லாதான் இருக்கேன். மீதி ரெண்டு சீட்ட நான் திருப்பல. அப்படியே உள்ள வெச்சிடறேன்."

அவ்வளவுதான். நான் அழுததை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன். ஆனால் மாதனூரில் இறங்கும்போது, அந்தப் பெண் போனை வாங்கிக்கொண்டு, "அக்கா, அந்த மேடம் உனக்கு இன்னா வேணும்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"என் பொண்ணு" என்றேன். அந்தக் கேள்வியில் எழுதியதைத் தவிர, அவள் பிரிந்து போனதைப் பற்றி அதுவரை வெளியாரிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள் பஸ் படியில் நின்றபடி என் கையைப் பிடித்துக்கொண்டாள். டிரைவர் ஹாரன் அடித்த பிறகுதான் விட்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்குப் போகவில்லை. என் நம்பரிலிருந்தே அவளுக்கு எழுதினேன். எழுதி எழுதி அழித்தேன். நான் பட்ட கஷ்டம், உன் அப்பா, ஊர், அந்தக் காலம் என்று எழுதியதையெல்லாம் அழித்தேன். கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான்: "உன்னை இறங்கச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தப்பு என்னுடையது. பதில் வேண்டாம்." இரண்டு டிக்கும் நீலமாயின. வேண்டாம் என்று நானே எழுதியிருந்தாலும் ஒரு வாரம் போனைக் கையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். பதில் வரவில்லை.

அதற்குப் பிறகு எனக்கென்று ஒரு சீட்டுக்கட்டு வாங்கினேன். அந்தப் பெண்தான் வரவழைத்துக் கொடுத்தாள். புடவைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். காலையில் குக்கர் அடுப்பில் இருக்கும்போது ஒன்று எடுப்பேன். அர்த்தம் எதுவும் பார்ப்பதில்லை. படத்தைப் பார்த்ததும் என்ன தோன்றுகிறதோ அதோடு இருந்துவிட்டு உள்ளே வைத்துவிடுவேன். என் மகள் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான்.

ஒரு காலையில் எட்டு வாள் வந்தது. கண்ணைக் கட்டிய ஒரு பெண், உடம்பைச் சுற்றிக் கட்டு, சுற்றிலும் நட்டுவைத்த வாள்கள். பார்த்தவுடன் மகள் என்றுதான் நினைத்தேன். அந்த வீட்டில் அவள் இப்படித்தான் நின்றிருப்பாள். பிறகு பார்த்தால் அந்தப் பெண்ணின் காலில் கட்டு இல்லை. நடக்கலாம். வாள்களுக்கு நடுவே வழியும் இருக்கிறது. அப்போது தோன்றியது, இது அவள் இல்லை, அவள் நடந்து போய்விட்டாள். பஸ் ஸ்டாண்டில் கையிலும் வாயிலும் எந்தக் கட்டும் இல்லாமல், ஏழெட்டு நிமிஷம் நின்றது யார்? குக்கர் எத்தனை விசில் விட்டது என்று எண்ணவில்லை. சோறு குழைந்துபோனது. அன்று அதைத்தான் டிபனில் கட்டிக்கொண்டு போனேன்.

என் கணவருக்கு இந்த விஷயம் எதையும் சொல்லவில்லை. தோல் பதனிடும் வேலையை விட்டு வீட்டோடு இருக்கிறார், மூச்சு வாங்குகிறது. மகளைப் பற்றிப் பேச்சு எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவார். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் சமையல்கட்டில் போனைச் சாய்த்து வைத்து அவள் வீடியோவைப் பார்த்துக்கொண்டே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் அவர் வந்து நின்றது தெரியாது.

"யாரு அது?" என்றார்.

நான் போன் அவருக்கும் தெரியும்படி நகர்ந்துகொண்டேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். சீட்டைப் பற்றியோ பாவத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. திரையை நோக்கிக் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"கை எளச்சிருக்கு" என்றார்.

அந்த நேரத்தில் வீடியோவில் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. சின்னக் குழந்தை அழுகிற சத்தம். "ஒரு நிமிஷம் ஃப்ரெண்ட்ஸ்" என்று அவள் எழுந்து போனாள். அதை அவள் வெட்டி எடுத்திருக்கலாம், எடுக்கவில்லை. திரையில் பச்சைத் துணியும் பாதி திறந்த சீட்டுகளும் மட்டும் இருந்தன. எங்கோ உள்ளே அவள் குழந்தையைச் சமாதானப்படுத்துவது கேட்டது. வார்த்தைகள் புரியவில்லை.

"யாரு கொழந்த?" என்று அவர் கேட்டார்.

"தெரியல."

"அவளுதா இருக்குமா?"

"தெரியலங்க. அக்கம்பக்கத்து வீட்டுதா இருக்கலாம். அந்த தோழியோடதா இருக்கலாம்."

அழுகை ஓய்ந்தது. அவள் திரும்பி வருவதற்காக நாங்கள் இருவரும் அந்த வெறும் துணியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.